கரையேறும் வழி – 9: பேரை மறைக்க முடியாத ஊரில்

போன கிழமை கைநடுக்கத்தோடு நிறுத்தியிருந்தோம். பல வருசம் நாள் தவறாமல் குடித்தவர் ஒரேயடியாக நிறுத்தினால் முதல் நாளே கை நடுங்கும், உடம்பு வியர்க்கும், நித்திரை வராது. சிலருக்கு இரண்டு நாளைக்குள் வலிப்பு வரும். மூன்றாம் நாளளவில் சுவரில் இல்லாத பூச்சி ஊரும். உயிருக்கே ஆபத்தான கட்டம் அது. ஆகவே ‘இண்டையோட விட்டுட்டன்’ என்று வீட்டில் பாயை விரித்துப் படுக்கிற வீரம் வேண்டாம். முதலில் ஆஸ்பத்திரி.

ஆஸ்பத்திரியில் அந்த நடுக்கம் ஒரு கிழமையளவில் அடங்கிவிடும். மறுகா என்ன செய்வது என்பதுதான் கேள்வி.

1935 மே மாதம் அமெரிக்காவின் அக்ரன் நகரத்து ஹோட்டல் ஒன்றில் பில் வில்சன் என்ற பங்கு வியாபாரி நின்றுகொண்டிருந்தார். குடியை விட்டு ஐந்து மாதம். வந்த வியாபாரம் கைகூடவில்லை, கையில் காசும் இல்லை. ஒரு பக்கம் பாரிலிருந்து சிரிப்புச் சத்தம், மறுபக்கம் தொலைபேசி. அவர் தொலைபேசிப் பக்கம் போனார். அந்த ஊர்த் தேவாலயங்களின் பட்டியலைப் பார்த்து, தன்னைப்போல் குடியால் கெட்ட ஒருவரோடு கதைக்க வேண்டும் என்று கேட்டார். அப்படிக் கிடைத்தவர் பொப் ஸ்மித் என்ற டொக்டர். கால்மணி நேரம் தருகிறேன் என்று வந்தவர் இரவு வரை இருந்தார். டொக்டர் கடைசியாகக் குடித்தது ஜூன் 10. அந்த நாளைத்தான், குடியை விட நினைப்பவர்கள் கூடுகிற ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ (ஏஏ) அமைப்பு தன் பிறந்தநாளாக வைத்திருக்கிறது.

பில் அன்று தேடியது புத்தி சொல்ல ஒரு ஆளை அல்ல. தான் குடிக்காமல் இருக்கவே அவருக்கு இன்னொரு குடிகாரர் தேவைப்பட்டார். இதை வெறும் நம்பிக்கை என்று தள்ளவும் முடியாது. 2020இல் ‘கொக்ரேன்’ என்ற மருத்துவ ஆய்வு அமைப்பு வெளியிட்ட ஆய்வு, பத்தாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் பங்குகொண்ட 27 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. தொடர்ந்து குடிக்காமல் இருக்க வைப்பதில் ஏஏயும் அதற்குள் ஆட்களைச் சேர்த்துவிடும் சிகிச்சையும் மற்ற முறைகளைவிட முன்னே நின்றன.

ஏஏ கூட்டத்தில் கட்டணம் இல்லை. பேர் வெளியே போகாது. கொழும்பில் அது நடக்கும் காரியம். மட்டக்களப்புக் கரையில் நம் பாசிக்குடாவில் யாரிடம் பேரை மறைப்பது? கல்குடாச் சந்தியில் பஸ் ஏறினால் ‘எங்க மச்சான், கிளினிக்குக்கா?’ என்று கேட்க ஆள் இருக்கும். கேட்டவர் பின்னேரம் தவறணையிலும் இருப்பார். குடித்துவிட்டு றோட்டில் கிடக்க வெட்கப்படாத மனிதர் கிளினிக் வாசலில் நிற்க வெட்கப்படுவது இதனால்தான்.

இதே ஊர் ஒன்றுசேரத் தெரியாத ஊரும் அல்ல. கல்குடாப் பக்கம் எதனோல் (மதுசார) ஆலை கட்டப்பட்டபோது 2017இல் எவ்வளவு எதிர்ப்பு! செய்தி சேகரிக்கப் போன பத்திரிகையாளர்கள் அந்த மார்ச்சில் தாக்கப்பட்டார்கள். ஆலைக்கு எதிராகத் தெருவுக்கு வந்தவர்கள், குடியை விட நினைக்கிற ஒரு மனிசனுக்காக ஒரு திண்ணையில் கூடினால் என்ன?

என் கணக்கில் அந்தத் திண்ணை பெண்களுடையது. மட்டக்களப்பில் கலியாணம் முடித்த ஆம்பிளை பெரும்பாலும் பெண்சாதி வீட்டுக்குத்தான் போகிறார். வளவும் வீடும் சீதனமாக அவள் பேரில். பக்கத்து வளவில் தாய், அடுத்த வளவில் அக்காவோ தங்கச்சியோ. புருசன் வெறியில் வந்தால் முதலில் ஓடிவருகிறவர்களும் இவர்கள்தான். குடிப்பவரின் குடும்பத்துக்கென்று 1951இல் அமெரிக்காவில் ‘அல்-அனான்’ தொடங்கினார்கள். அதைத் தொடங்கிய இருவரில் ஒருவர் பில்லின் மனைவி லோயிஸ். நம் பக்கத்தில் மாதர் சங்கக் கூட்டம் முடிந்த பிறகு நாலு பேர் இன்னும் அரை மணித்தியாலம் இருந்தாலே இது தொடங்கிவிடும். புருசனைத் திருத்துவதல்ல அங்கே பேச்சு. அவருடைய கடனைத் தான் அடைப்பதா, வேலைக்கு வராததற்குத் தான் பொய் சொல்வதா, அடி விழுந்தால் எங்கே போவது என்பவைதான்.

ஆம்பிளைகளுக்கு வழி ஆஸ்பத்திரிக்குள்ளால். போர்க்காலத்திலேயே உளமருத்துவர் மகேசன் கணேசன் போன்றவர்கள் மட்டக்களப்பில் உளநலச் சேவையை வார்டுக்குள் அடைக்காமல் ஊர்களுக்குக் கொண்டுபோனார்கள். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் உளநலப் பிரிவில் ‘குடியை விட்டவர்கள் கூடுகிற இடம் பக்கத்தில் உண்டா’ என்று நேரே கேளுங்கள். போக வெட்கமென்றால் தொலைபேசி இருக்கிறது: உளநலத்துக்கு 1926, போதைப் பிரச்சினைக்கு 1927. கொரோனாவுக்குப் பிறகு இணையவழிக் கூட்டங்களும் பரவிவிட்டன. ஹோட்டலில் இரவு முறை வேலை செய்து, வெள்ளைக்காரருக்குக் கிளாஸ் நிரப்பிவிட்டு அறைக்குத் திரும்பும் பெடியனுக்கு அதுதான் கைக்கெட்டும்.

கூட்டமே இல்லையென்றால்? இரண்டு மூன்று பேர் குடிக்காமல் இருக்கவென்று கூடினாலே அது குழுதான் என்பது ஏஏயின் சொந்த விதி. ஒரே கிளினிக்கில் மருந்து எடுக்கிற இருவர் போதும். ஊருக்குள் வேண்டாம், பக்கத்து வாழைச்சேனையில் தெரிந்தவர் வீட்டுப் பின்வளவில் இருங்கள். தேத்தண்ணி ஊற்றுங்கள். ஒருவர் கதைக்கும்போது மற்றவர் புத்தி சொல்லக் கூடாது.

கூடுகிற நாளையும் யோசித்து வையுங்கள். போயாவில் சாராயக் கடை பூட்டு. முதல்நாளே வாங்கி ஒளிக்கிற வழக்கம் எல்லோருக்கும் தெரியும். ஆகவே போயாவுக்கு முதல்நாள் பின்னேரம் கட்டாயம் கூடவேண்டும். மாரியில் கடல் கொந்தளித்து வள்ளம் இறங்காமல் ஆட்கள் சும்மா இருக்கும் மாதங்களில் கிழமைக்கு ஒரு நாள் காணாது, மூன்று நாளாவது வேண்டும்.

குடித்தால் வாந்தி எடுக்க வைக்கும் ஒரு குளிசை இருக்கிறது. அதை ஆளுக்குத் தெரியாமல் சோற்றில் கலந்து கொடுக்கலாமா என்று சில தாய்மார் கேட்டிருக்கிறார்கள். கூடவே கூடாது. ஏன் என்பது அடுத்த கிழமை.