உரிமைக்கு ஆடை உடுத்தும் சொல்

ஆங்கிலச் சட்டங்களில் ‘வெஸ்ட்’ என்றொரு வினைச்சொல் அடிக்கடி வரும். ஆடை உடுத்துதலைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது அது. அதிகாரத்தையோ, சொத்தின் பாத்தியதையையோ ஒருவரிடம் நிலைபெறச் செய்தல் என்பதே அதன் பொருள்.

கொடுத்தல் வேறு, இது வேறு. ஒருவன் தன் நிலத்தை மனைவி ஆயுள் வரை அனுபவிக்கவும், அவளுக்குப் பின் மகனைச் சேரவும் எழுதி வைக்கிறான். நிலம் மகன் கைக்கு இன்னும் வரவில்லை. எனினும் பாத்தியதை அன்றே அவனிடம் ‘வெஸ்ட்’ ஆகிவிடுகிறது. தாய்க்கு முன் அவன் இறந்தாலும் அவனுடைய வாரிசுகளுக்கு அது சேரும். 1882-ம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 19-வது பிரிவு கூறும் நியாயம் இதுவே.

குடும்பச் சொத்தில் இச்சொல் நன்மையே செய்கிறது. தேச விஷயத்திலோ விழிப்பு வேண்டும். 1858-ல் பிரிட்டிஷ் பார்லிமெண்டு ஒரு சட்டம் செய்தது. கிழக்கிந்தியக் கம்பெனி ஆண்ட பிரதேசங்கள் யாவும் விக்டோரியா ராணியிடம் ‘வெஸ்ட்’ ஆயின. கம்பெனியின் ஆடையை உருவி ராணிக்கு உடுத்தினார்கள். தேசத்துக்குரிய ஜனங்களை ஒரு வார்த்தை கேட்டவர் இல்லை!

அதே சொல்லை 1948-ல் சென்னைச் சட்டசபை வேறு விதமாகப் பிரயோகித்தது. ஜமீன் ஒழிப்புச் சட்டத்தின்படி ஜமீன்கள் சகல வில்லங்கங்களும் நீங்கிச் சர்க்காரிடம் ‘வெஸ்ட்’ ஆயின. ஜமீன்தார்களுக்கு நஷ்டஈடும், குடியானவர்களுக்கு ரயத்துவாரிப் பட்டா பெற வழியும் ஏற்பட்டன. சொல் ஒன்றே, உடுத்திய கை வேறு.

1950-ல் அமுலுக்கு வந்த நமது அரசியல் சாசனத்தின் 53-வது ஷரத்தும் யூனியனின் நிர்வாக அதிகாரம் ராஷ்டிரபதியிடம் ‘வெஸ்ட்’ ஆகும் என்கிறது. ஆனால் அச்சாசனத்தின் முகவுரை இந்திய மக்களாகிய நம் பெயராலேயே தொடங்குகிறது. ஆடை அணிந்தவர் ராஷ்டிரபதி, அணிவித்தவர் ஜனங்கள்.

இவ்வினைச்சொல்லில் ஒரு தந்திரமுண்டு. உரிமை தானாகவே போய் ஓரிடத்தில் அமர்ந்தது போல் அது பேசும், அமர்த்தியவரைச் சொல்லாது. ஆகையால் எந்த மசோதாவில் இச்சொல்லைக் கண்டாலும் மூன்று கேள்விகள் கேட்கவேண்டும்: உரிமை யாருடையது? யாரிடம் சேர்கிறது? சேர்ப்பவர் யார்? ஆங்கிலத்தில் ‘டைவெஸ்ட்’ என்ற சொல்லும் உண்டு; ஆடையை அவிழ்ப்பது என்பது அதன் பொருள். உடுத்தும் உரிமை தமக்கே உண்டென்று அறிந்த ஜனங்கள், அவிழ்க்கும் உரிமையையும் மறக்கலாகாது.