கறுப்புக் கண்ணாடிப் பொத்தான்

பழைய ஐரோப்பிய உடைகளில் இருக்கும் கறுப்புப் பொத்தானைப் பலரும் 'ஜெட்' என்பாங்க. ஜெட் என்பது கோடிக்கணக்கான ஆண்டுகள் மண்ணில் புதைந்து இறுகிய மரம். 1861-ல் கணவர் ஆல்பர்ட் இறந்தபின் விக்டோரியா ராணி துக்கத்துக்கு ஜெட் அணிய, எல்லோருக்கும் அது வேண்டியிருந்தது. விலையோ அதிகம். அந்த இடத்தைக் கறுப்புக் கண்ணாடி பிடித்தது. கையில் எடுத்தாலே தெரியும்: ஜெட் லேசா இருக்கும், சில்லென்று இருக்காது. கண்ணாடி கனமா, குளிர்ச்சியா இருக்கும்.

கண்ணாடிப் பொத்தானுக்குப் பேர்போனது பொஹீமியாவின் யாப்லோனெட்ஸ் வட்டாரம். ஜெர்மனில் காப்லொன்ஸ். கண்ணாடிக் கம்பியின் நுனியை உலையில் இளக்கி, இடுக்கி மாதிரியான அச்சில் அழுத்துவார்கள். நூல் கோக்கும் உலோக வளையமும் அப்போதே பதியும். வேகமாக ஆறினால் மேற்பரப்பு முந்தி இறுகி, உள்ளே இழுவிசை தங்கி, விரிசல் விடும். அதனால் மெதுவாக ஆறவிடணும். ஓரம் சீவுவது, வண்ணம் பூசுவது, அட்டையில் தைப்பது எல்லாம் பெரும்பாலும் வீட்டு வேலை. விற்பது மட்டும் ஏற்றுமதி வியாபாரி கையில்.

இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் அங்கிருந்த ஜெர்மானியர்கள் வெளியேற்றப்பட்டார்கள். சிறு மூட்டைதான் அனுமதி. பலர் பவேரியாவில், கௌஃப்பாய்ரன் நகருக்குப் பக்கத்தில், தகர்க்கப்பட்ட வெடிமருந்து ஆலை வளாகத்தில் குடியேறினாங்க. அந்த ஊர்தான் நொய்காப்லொன்ஸ், அதாவது புது காப்லொன்ஸ். அங்கேயும் கண்ணாடிப் பொத்தான் பிறந்தது. பழைய ஊரிலும் தொழில் நிற்கவில்லை. உலையையும் பட்டறையையும் பறித்துவிடலாம். கைப்பழக்கத்தைப் பறிக்க முடியாதே!