அவர் பெயரையும் பூசையில் சொல்லலாமா?



நவம்பர் 2, கல்லறைத் திருநாள் நெருங்கும்போது பங்கு அலுவலகத்தில் பூசைக் கருத்து எழுதும் நோட்டு மேசைமேல் வந்துவிடும். இறந்துபோன அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி என்று வரிசையாக எழுதிக் கொடுத்துவிட்டு வருவோம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வயதான தாய் எங்களோடு அந்த மேசைக்கு முன் நின்றார். கணவரின் பெயரை எழுதினார். பிறகு பேனாவைப் பிடித்தபடியே எங்களைத் திரும்பிப் பார்த்து, "அவ பேரையும் எழுதலாமா? சாமியார் ஒண்ணும் சொல்ல மாட்டாரே?" என்று கேட்டார்.

'அவ' என்றது அவருடைய மகளை. எங்களுக்குத் தோழி. மனச்சோர்வு நோயில் பல மாதங்கள் வாடி, கடைசியில் தம் உயிரைத் தாமே முடித்துக்கொண்டவர். அந்தத் தாயின் கேள்விக்கு எங்களில் யாருக்கும் பதில் தெரியவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அவர் எழுதாமலே நோட்டை மூடிவிட்டார். அந்த வெட்கம்தான் எங்களைப் பலரிடம் கேட்கவும் படிக்கவும் வைத்தது. தெரிந்துகொண்டதை இங்கே பகிர்ந்துகொள்கிறோம்.

காளவாசல் என்றால் செங்கல் சூளை என்று பொருள். இன்று சூளையும் இல்லை, புகையும் இல்லை. தேனி சாலையும் பைபாஸ் சாலையும் சந்திக்கும், பேருந்துச் சத்தம் ஓயாத இடம். அந்தச் சாலையைவிட்டு உள்ளே திரும்பினால், மதியச் சமையல் முடிந்த பிறகு வாசற்படியில் உட்கார்ந்து சுங்குடிக்கு முடிச்சுப் போடும் பெண்களை இன்றும் பார்க்கலாம். புள்ளி வைத்த துணியை நகத்தால் கிள்ளி எடுத்து நூலைச் சுற்றி இறுக்கி முடிய வேண்டும். ஒரு புடவைக்கு ஆயிரக்கணக்கான முடிச்சு. சாயத்தில் முக்கிப் பிரிக்கும்போது கட்டிய இடத்தில் நிறம் ஏறாமல் புள்ளி நிற்கும். மதுரைச் சுங்குடிக்கு 2005-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கூலி என்னவோ பெரிதாக ஏறவில்லை, அது வேறு கதை.

எங்கள் தோழி இந்த வேலையில் கைதேர்ந்தவர். பேசிக்கொண்டே கட்டுவார், கை நிற்காது. எங்களில் புதிதாகப் பழகியவர்களின் தளர்ந்த முடிச்சுகளைச் சொல்லாமல் கொள்ளாமல் வாங்கி மறுபடி கட்டிக் கொடுப்பார். அன்பியக் கூட்டத்தில் பாட்டைத் தொடங்கி வைப்பதும் அவர்தான்.

ஓர் ஆடி மாதத்தில் அவர் வாசலுக்கு வருவது குறைந்தது. துணிக்கட்டு பாதி கட்டியபடியே பையில் கிடந்தது. கேட்டால், "கண்ணு சரியாத் தெரியல" என்பார். சாம்பாரில் உப்பு இல்லை என்று பிள்ளைகள் குறைப்பட்டார்கள். அதிகாலை மூன்று மணிக்கே விழித்துக்கொண்டு கூரையைப் பார்த்துப் படுத்திருப்பதாக ஒருநாள் அவரே சொன்னார். தலை வாரக்கூட மனமில்லை என்றார். நாங்கள் என்ன செய்தோம்? "வயசாகுதில்ல" என்றோம். "வீட்டுல ஏதாச்சும் சண்டையா?" என்று துருவினோம். "செபமாலையை விடாமச் சொல்லுங்கக்கா, எல்லாம் சரியாப் போகும்" என்றோம். அவர் செபமாலை சொல்லிக்கொண்டுதான் இருந்தார். சொல்லியும் சரியாகவில்லையே, கடவுளுக்கே நம்மைப் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்ற எண்ணம் அதனாலேயே அவருக்கு வந்திருக்குமோ என்று நினைக்கும்போது இன்றும் மனம் பதறுகிறது.

மனச்சோர்வு என்பது சாதாரணக் கவலை அல்ல. கவலைக்கு ஒரு காரணம் இருக்கும், காரணம் தீர்ந்தால் அதுவும் தீரும். நம் ஊரில் இரண்டையும் 'மன அழுத்தம்' என்ற ஒரே சொல்லில் போட்டுவிடுவதால்தான் பாதிக் குழப்பம். முன்பு பிடித்த எதிலும் பிடிப்பு இல்லாமை, தீராத சோர்வு, தூக்கமும் பசியும் கெடுவது, எதிலும் கவனம் நிற்காமை, காரணமில்லாத குற்ற உணர்வு, சாவைப் பற்றிய நினைப்பு என்று பல அறிகுறிகள் சேர்ந்து இரண்டு வாரத்துக்கு மேல் அன்றாடம் நீடித்தால் அதை நோய் என்று பார்க்க வேண்டும் என்கிறார்கள் மருத்துவர்கள். உடல் அமைப்பும், பரம்பரையும், வாழ்வில் பட்ட அடிகளும் கலந்து வரும் நோய் இது. பிள்ளை பெற்ற பெண்களுக்கு வருவதுண்டு. தைராய்டு குறைவும் இதே போலத் தோன்றும் என்பதால் இரத்தப் பரிசோதனை செய்யச் சொல்வார்கள். மருந்து இருக்கிறது, பேசிக் குணப்படுத்தும் சிகிச்சையும் இருக்கிறது. ஆனால் காய்ச்சல் மாத்திரைபோல ஒரே நாளில் கேட்காது. பலன் தெரியவே சில வாரங்கள் ஆகும். 'பத்து நாள் சாப்பிட்டேன், ஒன்றும் ஆகவில்லை' என்று இடையில் நிறுத்திவிடுகிறவர்கள் பலர். எங்கள் தோழியும் அப்படித்தான் நிறுத்தினார். 'தூக்க மாத்திரைக்கு அடிமையாகிவிடுவாய்' என்று பயமுறுத்தியவர்கள் உறவுக்காரர்களே. மனச்சோர்வுக்குத் தரும் மருந்து வேறு, தூக்க மாத்திரை வேறு என்று எடுத்துச் சொல்ல எங்களுக்கும் அன்று தெரியாது.

இது யாரோ ஒருவர் வீட்டு விஷயம் அல்ல. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, 2022-ஆம் ஆண்டில் தமிழகத்தில் மட்டும் 19,834 பேர் தங்கள் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். இந்திய மாநிலங்களில் மகாராஷ்டிரத்துக்கு அடுத்த எண்ணிக்கை இது. ஒவ்வொருவர் கதைக்கும் பல காரணங்கள் பின்னியிருக்கும். 'இதனால்தான்' என்று ஒற்றைக் காரணத்தைச் சுட்டி ஒரு குடும்பத்தைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது தெருப்பேச்சின் வேலை.

நம்பிக்கை உள்ளவனுக்கு இது வருமா என்று சிலர் கேட்கிறார்கள். அரசர்கள் முதல் நூலின் 19-ஆம் அதிகாரத்தை எடுத்து வாசித்துப் பாருங்கள். கார்மேல் மலையில் அவ்வளவு பெரிய வெற்றி கண்ட இறைவாக்கினர் எலியா, சில நாள்களிலேயே பாலைநிலத்தில் ஒரு சூரைச்செடியின் அடியில் உட்கார்ந்து, போதும், என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்று ஆண்டவரிடம் மன்றாடுகிறார். அதற்கு வானதூதர் என்ன செய்தார்? கண்டிக்கவில்லை. நம்பிக்கை போதவில்லை என்று மறையுரை வைக்கவில்லை. தொட்டு எழுப்பி, சுட்ட அப்பமும் தண்ணீரும் கொடுத்தார். எலியா உண்டுவிட்டு மறுபடி படுத்துக்கொண்டார். அதற்கும் கோபம் இல்லை. இரண்டாம் முறையும் வந்து தொட்டு எழுப்பிச் சாப்பிட வைத்தார். பயணம் தூரமாக இருக்கிறது என்று மட்டும் சொன்னார். இந்தப் பகுதியைப் பூசையில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். அது எங்கள் பக்கத்து வீட்டுக்கும் பொருந்தும் என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை.

2003 நவம்பரில் மனச்சோர்வு குறித்து வத்திக்கானில் நடந்த மாநாட்டில் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் பேசினார். இந்த நோய் ஓர் ஆன்மீகச் சோதனையாகவும் அமைகிறது என்று சொன்ன அவர், நோயுற்றவருக்குக் கைநீட்டி, கடவுளின் கனிவை அவர் உணரும்படி செய்து, அவரை ஏற்றுக்கொள்ளும் ஒரு குழுமத்தில் சேர்த்துக்கொள்வது நம் கடமை என்றார். செபமும் வேண்டும், மருத்துவரும் வேண்டும். ஒன்று இருந்தால் மற்றது தேவையில்லை என்று திருச்சபை ஒருபோதும் சொன்னதில்லை.

நம் வீடுகளில் படமாக மாட்டியிருக்கும் குழந்தை தெரேசாவின் தந்தை லூயி மார்ட்டின், 1889 முதல் 1892 வரை பிரான்சின் கான் நகரில் ஒரு மனநோய் மருத்துவமனையில் இருந்தார். மகள்கள் மடத்துக்குப் போனதால்தான் அப்பாவுக்கு இப்படி ஆனது என்று ஊர் பேசியது. தெரேசாவுக்கு அது பெரும் வேதனையாக இருந்தது. 2015 அக்டோபர் 18 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் அந்தத் தந்தையையும் அவர் மனைவி செலியையும் புனிதர்களாக உயர்த்தினார். மனநோய் மருத்துவமனையில் இருந்துவந்த ஒருவர் பீடத்துக்கு உயர்ந்திருக்க, நாம் மனநல மருத்துவரின் வாசலில் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று முந்தானையால் முகத்தை மறைக்கிறோம்.

இனி அந்தத் தாயின் கேள்விக்கு வருவோம். அவர் பயந்ததற்குக் காரணம் இல்லாமல் இல்லை. 1917-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பில், 1240-ஆம் விதி, தெரிந்தே திட்டமிட்டுத் தன் உயிரை மாய்த்துக்கொண்டவர்களுக்குத் திருச்சபை அடக்கச் சடங்கை மறுத்தது. சாவதற்கு முன் மனம் வருந்திய அடையாளம் இருந்தால் மட்டுமே விலக்கு. நம் பாட்டிமார் வளர்ந்த காலம் அது. ஆனால் 1983-இல் வந்த புதிய தொகுப்பில், அடக்கச் சடங்கு மறுக்கப்பட வேண்டியவர்களைப் பற்றிய 1184-ஆம் விதியில் இவர்களைக் குறித்த பேச்சே இல்லை. அது நீக்கப்பட்டுவிட்டது.

ஏன்? 1992-இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி இதை விளக்குகிறது. உயிர் கடவுள் தந்தது, அதை அழிக்க நமக்கு உரிமை இல்லை என்ற போதனையில் மாற்றமில்லை. ஆனால் கடுமையான மனநலப் பாதிப்பும் வேதனையும் பெரும் அச்சமும் ஒருவரின் பொறுப்பைக் குறைத்துவிடும் என்று 2282-ஆம் எண் சொல்கிறது. அடுத்த எண் இன்னும் ஒரு படி மேலே போகிறது. இப்படி இறந்தவர்களின் நிலைவாழ்வைக் குறித்து நாம் நம்பிக்கை இழக்கக் கூடாது, மனம் திரும்பும் வாய்ப்பைத் தமக்கு மட்டுமே தெரிந்த வழிகளில் கடவுளால் கொடுக்க முடியும், அவர்களுக்காகத் திருச்சபை செபிக்கிறது என்பது அதன் கருத்து. 'செபிக்கலாம்' என்று அனுமதி கொடுப்பதுபோல அல்ல, 'செபிக்கிறது' என்றே அங்கே இருக்கிறது.

புனித ஜான் மரி வியான்னியைப் பற்றி ஒரு நிகழ்ச்சி சொல்வார்கள். கணவரை இப்படிப் பறிகொடுத்த ஒரு கைம்பெண் கூட்டத்தில் நின்றார். அவர் வாய் திறப்பதற்கு முன்பே புனிதர் அருகில் வந்து, உன் கணவர் மீட்படைந்துவிட்டார், பாலத்துக்கும் தண்ணீருக்கும் நடுவில் மனம் வருந்த அவருக்கு நேரம் இருந்தது என்றாராம். மறைக்கல்வி வருவதற்கு நூறு ஆண்டுகளுக்கு மேல் முந்தியது இது.

நாட்டின் சட்டமும் மாறியிருக்கிறது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு, உயிரை மாய்க்க முயன்றவர் கடும் மன நெருக்கடியில் இருந்ததாகவே கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது, சிகிச்சையும் மறுவாழ்வும் கொடுப்பது அரசின் கடமை என்கிறது. போலீசுக்குப் பயந்து மருத்துவரிடம் மறைக்கும் குடும்பங்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

தோழிகளாக நாங்கள் என்ன செய்திருக்கலாம்? 1935-இல் இங்கிலாந்தில் சாட் வாரா என்ற இளம் ஆங்கிலிக்கன் குரு, தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்ட 14 வயதுச் சிறுமி ஒருத்தியின் அடக்கச் சடங்கை நடத்தினார். அவளுக்குப் பேச யாருமே இருந்திருக்கவில்லை. அந்த நினைவு அவரை விடவில்லை. 1953-இல் இலண்டனில், சாக நினைப்பவர்கள் வந்து பேச ஓர் இடத்தைத் திறந்தார். காத்திருப்பவர்களுக்குத் தேநீர் கொடுக்கச் சில தன்னார்வலர்கள் இருந்தார்கள். அவர்களிடம் மனம்விட்டுப் பேசியதிலேயே பலர் ஆறுதல் பெற்று, குருவைப் பார்க்காமலே வீடு திரும்பியதை அவர் கவனித்தார். 'சமாரிட்டன்ஸ்' என்ற தோழமை இயக்கம் அங்கிருந்து வளர்ந்தது. 1986-இல் மருத்துவர் லட்சுமி விஜயகுமார் சென்னையில் தொடங்கிய 'சிநேகா'வும் தன்னார்வலர்கள் காது கொடுத்துக் கேட்கும் இதே வழியில் செல்வதுதான்.

எங்களை அதிர வைத்த இன்னொரு செய்தி. 'சாகணும்னு தோணுதா?' என்று நேராகக் கேட்டால் இல்லாத எண்ணத்தை விதைத்துவிடுவோம் என்று பயந்து நாங்கள் அந்தப் பேச்சையே தவிர்த்தோம். அது தவறு. கேட்பதால் அந்த எண்ணம் உண்டாவதில்லை, சுமந்துகொண்டிருப்பவருக்குச் சொல்ல ஒரு வாசல் திறக்கிறது என்றே இந்தத் துறையில் பணிசெய்பவர்கள் சொல்கிறார்கள். 'ஆமாம்' என்ற பதில் வந்தால் பதறாமல், அறிவுரை சொல்லாமல், அவரைத் தனியே விடாமல் மருத்துவரிடம் கூட்டிப்போக வேண்டும். மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. 2022 அக்டோபரில் நடுவண் அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழிலேயே அழைக்கலாம். சாமியாரிடம் சொல்லலாம். யாரிடமும் சொல்ல வாய் வரவில்லை என்றால் பக்கத்தில் முடிச்சுப் போட்டுக்கொண்டிருப்பவரிடமாவது சொல்லுங்கள்.

காளவாசலை ஒட்டியே பெத்தானியாபுரம் இருக்கிறது. ஊர்ப் பலகையைப் பார்க்கும்போதெல்லாம் யோவான் நற்செய்தியின் 11-ஆம் அதிகாரம் நினைவுக்கு வரும். பெத்தானியாவில் நண்பர் இலாசரைப் பறிகொடுத்த வீட்டுக்கு இயேசு நான்கு நாள் கழித்தே வருகிறார். மார்த்தாவும் மரியாவும் தனித்தனியே வந்து ஒரே குறையைச் சொல்கிறார்கள்: நீர் இங்கே இருந்திருந்தால் இப்படி ஆகியிருக்காதே! நாங்களும் அதையே எங்களைப் பார்த்துச் சொல்லிக்கொள்கிறோம். அன்று மாலை போயிருந்தால், மாத்திரையை நிறுத்தாதீர்கள் என்று சொல்லியிருந்தால் என்று. இயேசு அந்தப் பெண்களின் வாயை அடக்கவில்லை. கல்லறைக்குப் போகும் வழியில் அவரும் அழுதார்.

2021 நவம்பரில் திருத்தந்தை பிரான்சிஸ் மனச்சோர்வால் துன்புறுவோருக்காகவும், 2025 நவம்பரில் திருத்தந்தை பதினான்காம் லியோ, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணத்தோடு போராடுவோருக்காகவும் உலகத் திருச்சபையையே செபிக்கச் சொன்னார்கள்.

அடுத்த ஆண்டு கல்லறைத் திருநாளுக்கு முன், அந்தத் தாயைக் கூட்டிக்கொண்டு பங்குத்தந்தையிடம் போனோம். இத்தனையும் விளக்க வேண்டியிருக்கும் என்று நினைத்துப் போன எங்களுக்கு ஏமாற்றம்தான். அவர் நோட்டைத் திறந்து, பேனாவைத் தாயிடம் கொடுத்து, "திருமுழுக்குப் பெயரையும் சேர்த்து எழுதுங்கம்மா" என்றார்.