மிஸ் ஹாவிஷாமின் மேசை

சார்லஸ் டிக்கன்ஸின் ‘கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்’ 1860 டிசம்பரில் தொடராக வரத் தொடங்கியது. ஒளிப்படக் கலைஞர் ராஜர் ஃபென்டன் பழங்களையும் பூக்களையும் அடுக்கிவைத்துப் படமெடுத்ததும் அதே ஆண்டில்தான். கண்ணாடித் தகட்டின் ஈரம் காய்வதற்குள் எடுத்தாக வேண்டிய படங்கள் அவை. சில நொடிகளாவது பொருள் அசையக் கூடாது. அதில் செத்தவற்றை மிஞ்ச ஆளில்லை.

அந்த நாவலின் கைவிடப்பட்ட மணமகள் மிஸ் ஹாவிஷாமின் விருந்து மேசையைக் காட்டும் இந்தப் படத்தில் கேக் இல்லை, மணமகளும் இல்லை. செத்த சிலந்திகள், கருவண்டுகள், ஒரு சுண்டெலி, வாடிய பூக்கள், ஒற்றைக் காலணி, எட்டு நாற்பதில் நின்றுபோன கடிகாரம். எல்லாம் நாவலில் இருப்பவையே. ஆனால் டிக்கன்ஸின் அறையில் சிலந்திகள் ஓடும், எலிகள் சுவர்ப் பலகைக்குப் பின்னால் சலசலக்கும். நின்றுபோனது வீட்டுக்காரியின் வாழ்க்கைதான். படம் அந்தச் சலசலப்பையும் அடக்கிவிட்டது. கொஞ்சம் அதிகப்படிதான்.

மேசை நடுவே விட்டிருக்கும் வெற்றிடத்தைப் பாருங்கள். அதில் படம் கதையைச் சரியாகப் பிடித்திருக்கிறது. இறந்ததும் மணக்கோலத்தில் தன்னை அந்த மேசைமீதே கிடத்த வேண்டும் என்பது மிஸ் ஹாவிஷாமின் ஏற்பாடு. தன்னைப் பார்க்க வரும் உறவினர்கள் அதைச் சுற்றி யார் எங்கே இருக்க வேண்டும் என்றுகூடக் கைத்தடியால் காட்டி வைத்திருந்தாள்.