மலையேறும் மூன்று லிட்டர்

மைசூரில் யாராவது மின்சாரக் கார் வாங்கப்போவதாகச் சொன்னால், "ஊட்டிக்கு ஏறுமா?" என்ற கேள்வி உடனே வந்துவிடும். வருஷத்துக்கு ஒன்றிரண்டு தடவை போகும் பயணம்தான். ஆனாலும் காரை வாங்குவதா வேண்டாமா என்பதை அதுவே முடிவு செய்துவிடுகிறது. அந்தப் பயத்தை அறியாமை என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. வழியில் பந்திப்பூர் காடு இருக்கிறது. இரவு 9 மணிக்குமேல் பொதுவாக வண்டிகளை உள்ளே விடமாட்டார்கள். அங்கே சார்ஜ் தீர்ந்து நிற்க யாருக்குத்தான் துணிச்சல் வரும்? கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

2020 ஜனவரியில் வந்த முதல் டாடா நெக்ஸான் மின்சாரக் காரின் பேட்டரி 30.2 யூனிட் கொள்ளும். ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறக்குறைய 9 யூனிட் ஆற்றல் உண்டு. அப்படியானால் அந்தக் கார் தூக்கிக்கொண்டு போவது மூன்று லிட்டர் பெட்ரோலுக்குச் சற்றே கூடுதலான ஆற்றலை மட்டும்தான். மைசூரின் உயரம் சுமார் 770 மீட்டர், ஊட்டியின் உயரம் 2,240 மீட்டர். நான்கு பேரோடு 1,700 கிலோ எடையை அவ்வளவு உயரத்துக்குத் தூக்க இயற்பியல் கேட்பது 7 யூனிட். மோட்டாரில் வீணாவதையும் சேர்த்து 8 என்று வைத்துக்கொள்வோம். சுமார் 125 கிலோமீட்டர் ஓட இன்னும் 18 யூனிட். மொத்தம் 26. பெட்ரோல் கார் இதே பயணத்துக்குப் பத்து லிட்டர் குடித்தால் அது 90 யூனிட். அதில் பெரும்பகுதி இன்ஜின் சூடாகவும் புகையாகவும் காற்றில் போய்விடுகிறது.

ஏறிவிடும், ஆனால் கையில் மிஞ்சுவது நான்கு யூனிட்தான். ஏசியை முழுதாக வைத்து விரட்டினால் அதுவும் இருக்காது. ஆக, 2020-இல் பயந்தவர்கள் சும்மா பயப்படவில்லை. 2024-இல் அதே கார் 45 யூனிட் பேட்டரியோடு வந்தபிறகு கணக்கு மாறிவிட்டது.

எனக்கு இதில் பெரிய வியப்பு இறக்கம்தான். ஊட்டியிலிருந்து கூடலூர் வழியாக இறங்கும் பெட்ரோல் கார், ஏற்றத்தில் சேர்த்த ஆற்றலைப் பிரேக்கில் தேய்த்துக் கருகல் வாசனையாக்கிவிடும். மின்சாரக் காரில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் சக்கரம் மோட்டாரைச் சுற்றுகிறது. மோட்டார் ஜெனரேட்டராகி பேட்டரியை நிரப்புகிறது. ஏற்றத்துக்குக் கொடுத்ததில் பாதிக்குமேல் திரும்பிவிடும். 1902-இல் சிவசமுத்திரத்தில் காவிரியின் வீழ்ச்சியிலிருந்து மின்சாரம் எடுத்துக் கோலார் தங்கச் சுரங்கத்துக்கு அனுப்பியது மைசூர் சமஸ்தானம். அங்கே தண்ணீரின் எடை செய்த வேலையை மலைப்பாதையில் காரின் எடை செய்கிறது. ஆனால் ஊட்டியில் பேட்டரியை முழுக்க நிரப்பிக்கொண்டு இறங்கக் கூடாது. நிறைந்த பேட்டரியில் வரும் மின்சாரத்தை வாங்க இடமிருக்காது. பிறகு சாதாரண பிரேக்கைத்தான் நம்ப வேண்டும். எண்பது சதவீதம் போதும்.

குளிரும் மலையும் நிறைந்த நார்வேயில் 2024-இல் விற்ற புதுக் கார்களில் பத்துக்கு ஏறக்குறைய ஒன்பது மின்சாரக் கார்கள். அதனால் மின்சாரக் கார் வாங்காததற்கு மலையை ஒரு காரணமாக இனிச் சொல்ல முடியாது. விலை இன்னும் ஒரு காரணம்தான். அதைவிடப் பெரிய காரணம் கீழ்த்தளத்தில் இருக்கிறது. சொந்த வீட்டுக்காரர் ஒரு 15 ஆம்பியர் பாயின்ட்டில் ராத்திரி செருகிவிட்டுத் தூங்கலாம், காலையில் அன்றாட ஓட்டத்துக்கு வேண்டிய சார்ஜ் ஏறியிருக்கும். அடுக்குமாடியில் வாடகைக்கு இருப்பவரோ தன் மீட்டரிலிருந்து ஒரு ஒயர் இழுக்க வீட்டுக்காரரிடமும் குடியிருப்போர் சங்கத்திடமும் மாறிமாறிக் கேட்டு நிற்கிறார். புதிதாகக் கட்டும் கட்டடங்களிலாவது, கார் நிற்கும் ஒவ்வொரு இடத்துக்கும் அந்த ஒயருக்கான குழாயைக் கான்கிரீட் போடும்போதே பதித்துவிட வேண்டும்.