நகரைக் குளிர்விக்கும் பசுமை

கோடை இரவில் சிற்றூரின் வயல்வெளி விரைவில் குளிர்ந்துவிடும். நகரத் தெருவோ நள்ளிரவிலும் அனல் வீசும். இவ்வேறுபாட்டை 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இலண்டனில் அளந்து பதிவுசெய்தவர் லூக் ஹோவார்டு. பகலில் வெயிலை உள்வாங்கும் கான்கிரீட் கட்டடங்களும் தார்ச்சாலைகளும் இரவில் அவ்வெப்பத்தை வெளியிடுகின்றன. வாகனங்களும் இயந்திரங்களும் தம் பங்கைச் சேர்க்கின்றன. இவ்வாறு சுற்றுப்புறத்தைவிட நகரம் மிகுந்த வெப்பத்துடன் விளங்கும் நிலையே ‘நகர வெப்பத்தீவு’ எனப்படுகிறது.

குளிரூட்டி இதற்குத் தீர்வாகாதா எனக் கேட்கலாம். அஃது அறையின் வெப்பத்தை அகற்றித் தெருவில் விடுகிறது. தெருவில் உழைப்போர்க்கு வெம்மை கூடுகிறது. மரமோ தெருவையே குளிர்விக்கிறது. அதன் நிழல் வெயிலைத் தடுக்கிறது. இலைகளில் நிகழும் நீராவிப்போக்கு சுற்றியுள்ள வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. மண்பானையில் கசியும் நீர் ஆவியாகி, உள்ளிருக்கும் நீரைக் குளிர்விப்பதும் இம்முறையில்தான். ஒரு லிட்டர் நீர் ஆவியாக ஏறத்தாழ 24 இலட்சம் ஜூல் வெப்பம் தேவை. ஆகவே, வேருக்கு நீர் கிடைக்காத மரம் நிழல் தரலாம். முழுமையாகக் குளிர்விக்க இயலாது.

இவ்வறிவியலைச் செயலாக்கிய நகரங்களுள் ஒன்று கொலம்பியா நாட்டின் மெதெயின். 2016ஆம் ஆண்டு தொடங்கிய திட்டத்தின்கீழ், சாலையோரங்களிலும் நீரோடைக் கரைகளிலும் 30 பசுமை வழித்தடங்கள் அங்கு அமைக்கப்பட்டன. மரம், புதர், செடி என அடுக்கடுக்காக நடப்பட்டன. வறிய பகுதிகளைச் சேர்ந்தோர் தோட்டப் பயிற்சி பெற்று அவற்றைப் பேணினர். அவ்விடங்களில் வெப்பநிலை ஏறத்தாழ 2 டிகிரி செல்சியஸ் குறைந்ததாக நகர நிருவாகம் தெரிவித்தது. அங்கு நடுதலோடு பணி முடியவில்லை. பேணுதலும் திட்டத்தின் பகுதியாயிற்று.

நம் நகரங்களுக்கும் இது பொருந்தும். ஆயினும், புதியன நடுவதற்கு முன் இருப்பனவற்றைக் காத்தல் வேண்டும். சென்னையின் பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் கட்டடங்களாலும் குப்பைமேட்டாலும் பெரிதும் சுருங்கியது. எஞ்சிய பகுதி 2022ஆம் ஆண்டு இராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. நீர்ப்பரப்பு சுருங்கினால், ஆவியாகி வெப்பம் தணிக்கும் நீரும் குறைகிறது. வளர்ந்த மரத்தை வெட்டிவிட்டு நடப்படும் கன்று, அதற்கு ஈடாக நிழல் தரப் பல்லாண்டுகள் ஆகும்.

எங்கு நடுகிறோம் என்பதும் முதன்மையானது. பேருந்து நிறுத்தம், சந்தை, நெருக்கமான குடியிருப்பு ஆகியவற்றுக்கே நிழல் முதலில் சென்றுசேர வேண்டும். குளிர்ச்சியை விலைகொடுத்து வாங்க இயலாதவர்க்கு மரமும் நீர்நிலையுமே காப்பு.