கால்வாய்க்குப் பிரபுவின் பெயர், மண் சுமந்தவர் பெயர் எங்கே?

பக்கிங்காம் கால்வாய் என்றதும் சென்னைவாசிக்கு நினைவு வருவது சாக்கடை நாற்றமும் அதன்மேல் ஓடும் பறக்கும் ரயிலும்தான். கோவளம், சதுரங்கப்பட்டினம், மரக்காணம் பக்கத்துப் பெரியவர்களைக் கேட்டால் கதையே வேறு. உப்பும் சவுக்கு விறகும் ஏற்றிப் பட்டணம் போன படகுகள், கரையில் தோளில் கயிறு மாட்டி அவற்றை இழுத்துப் போன ஆட்கள் என்று சொல்லிக்கொண்டே போவார்கள். 1960களின் புயல்களுக்குப் பிறகு அந்தப் படகுப் போக்குவரத்து படுத்துவிட்டது. அதைக் கண்ணால் பார்த்த தலைமுறையும் குறைந்துகொண்டே வருகிறது.

இந்தக் கால்வாயின் பாரம்பரியத்தைக் காக்க ஊர்க்காரர்களே ஒரு சங்கம் தொடங்க வேண்டும் என்ற பேச்சை வரவேற்கிறோம். ஆனால், யாருடைய பாரம்பரியம் என்பதை முதல் கூட்டத்திலேயே பேசி முடித்துவிட வேண்டும்.

1806இல் சென்னையிலிருந்து எண்ணூர் வரை வெட்டப்பட்டபோது இதற்குக் கொக்ரேன் கால்வாய் என்று பெயர். பிறகு வடக்கிலும் தெற்கிலும் நீண்டது. 1876-78இல் தாது வருஷப் பஞ்சம் வந்தது. அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் சுமார் 8 கிலோமீட்டர் துண்டைப் பஞ்ச நிவாரண வேலையாக வெட்டினார்கள். அப்போதைய ஆளுநர் பக்கிங்காம் பிரபுவின் பெயர் கால்வாய்க்கு வைக்கப்பட்டது.

வெட்டியது யார்? சொந்த நிலமோ சேமித்த தானியமோ இல்லாதவர்களைத்தான் பஞ்சம் முதலில் அடித்தது. செங்கல்பட்டுச் சீமையில் அப்படிப்பட்டவர்களில் பெரும்பகுதி பண்ணைகளில் உழைத்த சேரி மக்கள். 1877இல் நிவாரண வேலைக்கு நிர்ணயித்த கூலி, ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும். ஒரு பவுண்டு என்றால் அரைக் கிலோகூட இல்லை. அதைத் தின்றுவிட்டு நாள் முழுக்க மண் வெட்ட வேண்டும்! மாகாண சுகாதார ஆணையராக இருந்த கார்னிஷ் என்ற வெள்ளைக்கார மருத்துவரே இது உயிர் வாழப் போதாது என்று எதிர்த்து எழுதினார். பெண்களுக்கு அதைவிடக் குறைவு. மண் கூடை சுமந்தவர்களில் அவர்களும் உண்டு.

1891இல் செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் பறையர் நிலைமை பற்றி அரசுக்கு அனுப்பிய அறிக்கையும், 1892இல் வந்த பஞ்சமி நில ஆணையும் நம்மவர்களுக்குத் தெரியும். அதற்குச் சுமார் பதினைந்து ஆண்டு முந்தைய இந்தக் கால்வாய்க் கதையை மட்டும் நாம் அதிகம் பேசுவதில்லை.

இன்னொரு பயமும் இருக்கிறது. சென்னையில் நீர்நிலையைச் சீரமைக்கிறோம், அழகுபடுத்துகிறோம் என்று சொன்ன போதெல்லாம் கரையோரக் குடிசைகள்தான் முதலில் போயின. அங்கிருந்தவர்கள் கண்ணகி நகரிலும் செம்மஞ்சேரியிலும் பெரும்பாக்கத்திலும் கிடக்கிறார்கள். 'பாரம்பரியம்' என்ற சொல்லும் அப்படியொரு புல்டோசர் ஆகிவிடக் கூடாது. ஆகவே கரையில் குடியிருப்போரின் வாழிட உரிமையைக் காப்பதும் சங்கத்தின் நோக்கம் என்று விதிமுறையிலேயே எழுதுங்கள். பின்னால் சேர்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் சேராது.

பதிவு செய்வது பெரிய வேலை இல்லை. 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஏழு பேர் போதும். நோக்கத்தையும் விதிகளையும் எழுதி மாவட்டப் பதிவாளரிடம் கொடுக்க வேண்டும். கஷ்டம் அதற்குப் பிறகுதான். ஆண்டுதோறும் பொதுக்குழு கூட்டி, கணக்கையும் உறுப்பினர் பட்டியலையும் தாக்கல் செய்ய வேண்டும். நம்மவர்கள் ஆசையாகத் தொடங்கிய மன்றங்கள் பல இந்த இடத்தில்தான் செத்தன. கணக்கு எழுதத் தெரிந்த ஒரு பெண்ணைப் பொருளாளராகப் போடுங்கள், பாதிப் பிரச்சினை தீரும்.

அந்த ஏழு பேரில் கடற்கரைச் சாலையில் பங்களா வைத்திருப்பவர் ஒருவர் இருந்தால் தப்பில்லை. உப்பளத் தொழிலாளி, கழிவெளியில் கையால் இறால் தடவிப் பிடிக்கும் இருளர், மீனவர், சேரிப் பெண்கள் ஆகியோரை விட்டுவிட்டு ஏழு பேரும் அவரைப் போன்றவர்களாகவே இருந்தால் அது வேறு சங்கம்.

முதல் வேலையாக, படகு இழுத்தவர்களின் பிள்ளைகள் சொல்வதைப் பதிவு செய்யுங்கள். கையில் இருக்கும் செல்போனே போதும். கூடவே இரண்டு பேர் எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்குப் போகட்டும். பஞ்ச காலத்துப் பொதுப்பணித் துறைக் கோப்புகளைத் தேட வேண்டிய இடம் அதுதான். பெரியவர்களிடம் போவதை மட்டும் இந்த மாதமே தொடங்கிவிடுங்கள்.